இலவசத் திரை, விலையில்லாக் கணினி: ஒரு விளையாட்டுப் பெட்டியின் முன்வரலாறு

வீடியோ கேம் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்கிற ஒப்பாரி. மற்றது, புது மாடல் வந்திருக்கிறது என்கிற விளம்பரம். சினிமா விஷயத்தில் இதைவிடக் கொஞ்சம் மேலே வந்துவிட்டோம். எம்.ஜி.ஆர். பிம்பம் பற்றிய எம்.எஸ்.எஸ். பாண்டியனின் நூல் 1992இல் வந்த பிறகு, வெள்ளித்திரையில் தெரிகிற முகத்துக்கும் வாக்குச்சாவடிக்கும் நடுவே ஓடுகிற கம்பியைத் தொடாமல் தமிழக அரசியலைப் பேசுவது கஷ்டமாகிவிட்டது. ஆனால் அந்த விவாதங்களிலும் பேச்சு முழுக்கப் பிம்பத்தைச் சுற்றியே நிகழ்ந்தது. பிம்பம் விழுகிற பொருள், அதாவது கண்ணாடியும் ஈயமும் செப்புச் சுருளும் சேர்ந்து முதுகு புடைத்து நிற்கிற, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிற அந்த வஸ்து, விமர்சகர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. அது மெக்கானிக்கின் விஷயம் என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. உடலுழைப்பு சார்ந்த அறிவை அறிவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத நம் பழைய வியாதி இங்கேயும் வேலை செய்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

திருப்பத்தூரில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஆர்கேட் பெட்டி செய்யத் தொடங்கினோம். ஜவ்வாது மலைமேல் இருக்கிற புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு பக்கமிருந்து கீழே இறங்கி வந்து தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்காக. ஆணும் பெண்ணும் நின்று விளையாடலாம், காசு போட வேண்டியதில்லை. பலகை அறுப்பது, கைப்பிடி பொருத்துவது எல்லாம் சுலபமாக முடிந்தது. எந்தக் கணினி, எந்தத் திரை என்கிற இரண்டு கேள்விகளுக்குத்தான் இரண்டு மாதம் ஆனது. மெக்கானிக் அதை ஐந்து நிமிஷத்தில் முடித்திருப்பார். எங்களுக்கு ஏன் அவ்வளவு நாள் பிடித்தது என்பதே இங்கு விஷயம்.

மேஜைமேல் இருந்தவை இவை. கலைஞர் ஆட்சியில் கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி ஒன்று. ஜெயலலிதா ஆட்சியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய எல்.ஈ.டி. மானிட்டர் ஒன்று. உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை போர்டு ஒன்று. (ரிச்சி தெருவா, எஸ்.பி. ரோடா என்று ஒரு பட்டிமன்றம் நடந்தது. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறுகிறவனுக்குச் சென்னையைவிட பெங்களூரு கிட்டே. எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்குத் தலைநகரம் எது என்பதை ரயில் நேர அட்டவணைதான் தீர்மானித்திருக்கிறது.)

எல்லாப் பெட்டிகளுக்கும் மூத்த பெட்டியே ஒரு கைவேலைதான். 1972இல் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனத்துக்காக ஆலன் ஆல்கார்ன் 'பாங்' விளையாட்டைச் செய்தபோது, திரைக்காக ஆராய்ச்சி எதுவும் பண்ணவில்லை. கடைக்குப் போய் 75 டாலர் விலையில் ஒரு ஹிட்டாச்சி கறுப்பு வெள்ளை டிவியை வாங்கி வந்து, நாலடி மரப்பெட்டிக்குள் வைத்தார். சன்னிவேல் ஊரில் ஒரு மதுக்கடையில் அதை நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் ஓடவில்லை என்று புகார் வந்தது. போய்த் திறந்தால், உள்ளே காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்ததாம். அதில் கணினியே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். நிரல் ஓட்டுகிற சிப் எதுவும் இல்லாமல், வெறும் தர்க்கச் சில்லுகளைக் கம்பியால் கோத்துச் செய்தது. இன்றைக்கு 'அசல் ஆர்கேட் அனுபவம்' என்று பேசுகிற சேகரிப்பாளர்கள் தேடி அலைகிற அசல், வீட்டு டிவியைப் பிரித்துப் போட்ட ஒரு ஒட்டுவேலையாக இருந்திருக்கிறது. வால்டர் பெஞ்சமின் 1936இல் கலைப்படைப்பின் ஒளிவட்டம் இயந்திர மறுஉற்பத்தியில் உதிர்வதைப் பற்றி எழுதினார். இங்கே நடப்பது வினோதமாக இருக்கிறது. மறுஉற்பத்தி செய்கிற இயந்திரத்துக்கே ஒளிவட்டம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் போனால் ராணுவம் வருகிறது. 1958இல் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில், பார்வையாளர் நாளுக்காக வில்லியம் ஹிகின்பாதம் ஒரு டென்னிஸ் ஆட்டம் செய்து வைத்தார். திரை, ஐந்து அங்குல அலைநோக்கி. ஓட்டியது, ஒப்புமைக் கணினி ஒன்று. அவர் இரண்டாம் உலகப் போரில் லாஸ் அலமாஸில் அணுகுண்டுக்கான மின்னணுவியல் வேலையில் இருந்தவர். பிறகு அணு ஆயுதப் பரவலுக்கு எதிராகக் காலமெல்லாம் பேசியவர். 1962இல் எம்.ஐ.டி. மாணவர்கள் செய்த 'ஸ்பேஸ்வார்' ஆட்டத்தின் வட்டத்திரையும் ராடார் வம்சத்தைச் சேர்ந்ததுதான். பொழுதுபோக்கு மின்னணுவியல் என்பதே ராணுவக் கருவிகளைத் துஷ்பிரயோகம் செய்வது என்று ஜெர்மானியச் சிந்தனையாளர் ஃபிரெடரிக் கிட்லர் 1980களில் வாதிட்டார். கொஞ்சம் மிகை என்று எனக்குப் படுகிறது. துஷ்பிரயோகம் செய்கிறவன் யார் என்கிற கேள்வியை அவர் கேட்கவில்லை. ஆய்வகத்தில் இருக்கிற பேராசிரியர் செய்தால் அது கண்டுபிடிப்பு. வாணியம்பாடியில் ஒரு டிவி மெக்கானிக் செய்தால் அது திருட்டு வேலை.

*

அந்தத் திருட்டு வேலைதான் எங்களுக்கு ஆர்கேடைக் கொண்டுவந்தது. 1990களின் நடுவில் எங்கள் பக்கத்துச் சிறுநகரங்களில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி வீடியோ கேம் கடைகள் முளைத்தன. பத்துக்குப் பன்னிரண்டு அறை, நாலு பெட்டி, வாசலில் ஒரு துணித்திரை. உள்ளே பீடிப்புகையும் வியர்வையும். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த படத்துக்கும் உள்ளே ஓடுகிற ஆட்டத்துக்கும் சம்பந்தம் இருக்காது. ஏனென்றால் 1985இல் ஜப்பானிய உற்பத்தியாளர்கள் 'ஜம்மா' என்கிற பொது இணைப்புமுறையைக் கொண்டுவந்த பிறகு, பெட்டி அப்படியே இருக்க உள்ளேயிருக்கிற போர்டை மட்டும் கழற்றி மாட்டினால் போதும் என்றாகிவிட்டது. இங்கே புழங்கிய போர்டுகளில் எத்தனை அசல், எத்தனை நகல் என்று கேட்பது, ஊர்த் திருவிழாவில் பாடுகிறவரிடம் ராயல்டி ரசீது கேட்பது மாதிரி.

அந்தக் கடைகளின் ராஜா 'முஸ்தபா'. 1993இல் கேப்காம் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' ஆட்டத்துக்கு இந்தியா முழுக்கப் பையன்கள் வைத்துக்கொண்ட பெயர் அது. அமெரிக்கப் படக்கதை ஒன்றை வைத்து ஜப்பானியர்கள் செய்த ஆட்டம். அதில் வருகிற நாலு பேரில் ஒருவன் முஸ்தபா கெய்ரோ. கதாநாயகன் அவனில்லை. ஆனாலும் ஓடிவந்து உதைக்கிற அவனைத்தான் எல்லாரும் எடுத்தார்கள், அவன் பெயரே ஆட்டத்தின் பெயராயிற்று. 1992 டிசம்பர் 6க்குப் பிறகான வருஷங்கள் அவை. ஒரு பெயரை வைத்து ஒருவனை எடைபோடுவது நாடு முழுக்கப் பழக்கமாகிக்கொண்டிருந்த காலத்தில், எல்லா மதத்துப் பையன்களும் காசைப் போட்டு 'எனக்கு முஸ்தபா' என்று அடித்துக்கொண்டார்கள். இதை நல்லிணக்கம் என்று கொண்டாட நான் தயாரில்லை. வெளியே வந்தால் அவனவன் தெருவுக்குத்தான் போனான். ஆனால் வெகுசனக் கலாச்சாரம் என்றாலே ஆதிக்கக் கருத்தியலின் குழாய் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த உதாரணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அரசு இந்தக் கடைகளை எப்படிப் பார்த்தது? சூதாட்டம் என்கிற கண்ணாடி வழியாக. எம்.ஜே. சிவானி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், வீடியோ கேம் கடைகளை உரிமத்தின்கீழ் கொண்டுவருவது செல்லும் என்றது. திறமையா, அதிர்ஷ்டமா என்பதுதான் அங்கே பேசப்பட்ட கேள்வி. யார் உள்ளே வர முடிகிறது என்பது கேள்வியாகவே இல்லை. எங்கள் ஊர்க் கடைக்குள் ஒரு பெண்பிள்ளை நுழைந்து நான் பார்த்ததில்லை. மலையிலிருந்து சந்தைக்கு வந்த பையன்கள் துணித்திரைக்கு வெளியே நின்று இடுக்கு வழியாகப் பார்த்ததைப் பார்த்திருக்கிறேன். 'பாக்-மேன்' செய்த தோரு இவாத்தானி, 1980இல் ஆர்கேட் கடைகள் ஆண்களின் கூடாரமாக இருந்ததால்தான் பெண்களும் வரும்படி தின்பதை மையமாக வைத்து ஓர் ஆட்டத்தை யோசித்ததாகச் சொல்லியிருக்கிறார். பெண் என்றதும் தின்பண்டம் ஞாபகத்துக்கு வந்ததில் இருக்கிற அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். யார் வரவில்லை என்று அவராவது கேட்டார். நாங்கள் கைப்பலகையின் உயரத்தை வழக்கத்தைவிடக் கீழே இறக்கியதற்கு இதுதான் காரணம். வளர்ந்த ஆணின் இடுப்பை அளவுகோலாக வைத்த ஒரு வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

*

இனி அந்த 14 அங்குல டிவி.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. வண்ணம் 1982இல் வந்தது. டயனோரா, சாலிடேர் என்று மதராஸ் கம்பெனிகளே டிவி பெட்டி செய்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் கிராமத்தில் டிவி என்றால் பஞ்சாயத்து டிவிதான். பூட்டிய கூண்டுக்குள் இருக்கும், சாவி ஒருத்தரிடம் இருக்கும். 'ஒளியும் ஒலியும்' போடுகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கூண்டு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது முக்கியமான விஷயமாகிவிடும். ஊரில் இருந்தால் சேரி ஜனம் எங்கே உட்காருவது? திண்ணையிலா, மண்ணிலா, ரோட்டுக்கு அந்தப் பக்கமா? திரை பொதுவானது, திரைக்கு முன்னால் இருக்கிற தரை பொதுவானதல்ல.

2006 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. வண்ணத் தொலைக்காட்சி தருவதாகச் சொன்னது. அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் விநியோகம் தொடங்கியது. எல்காட் மூலம் வாங்கி, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் அப்போது எழுந்த சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. கேபிள் வியாபாரம் யாருடையது என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மாநிலத்தில் மின்வெட்டு உச்சத்துக்குப் போன வருஷங்களில், டிவி இருக்கு, கரண்ட் எங்கே என்று ஜனங்களே கேட்டார்கள். அதுவும் நியாயம். ஆனால் காலனி வீட்டுக்குள் ஒரு திரை வந்ததும் திண்ணைக்காரனின் சாவி செல்லாக்காசு ஆயிற்றே, அதைப் பற்றி யாரும் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. மத்தியதர வர்க்கத்துக்கு டிவி வந்தபோது அது முன்னேற்றம். கூலிக்காரர் வீட்டுக்கு வந்தபோது அது லஞ்சம்.

2011இல் ஆட்சி மாறியது. டிவி நின்றது, மடிக்கணினி வந்தது. அதுவும் செப்டம்பர் 15தான். அண்ணா பிறந்தநாள் இரண்டு கழகத்துக்கும் பொது. மூடிமேல் முதல்வர் படம். மேஜைமேல் டிவியையும் மடிக்கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எங்களில் ஒருத்தர், 'இது ரெண்டும் ஒரே கேஸுல அக்யூஸ்டுப்பா' என்றார். விளையாட்டுக்குச் சொன்னாலும் அது உண்மை. சுப்பிரமணியம் பாலாஜி எதிர் தமிழ்நாடு அரசு என்கிற வழக்கு 2006 டிவி வாக்குறுதியை எதிர்த்துத் தொடங்கி, 2011இன் மடிக்கணினி, மிக்ஸி, கிரைண்டரையும் இழுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஜூலை 5இல் தீர்ப்பு. தேர்தல் அறிக்கையில் தருகிற வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது நீதிமன்றம். கூடவே, இப்படிப்பட்ட இலவசங்கள் நியாயமான தேர்தலின் வேரை அசைக்கின்றன என்று வருத்தமும் பட்டு, தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்க வேண்டும் என்றது. 2022 ஜூலையில் பிரதமர் 'ரேவடி' என்று வடநாட்டு மிட்டாயின் பெயரால் இதையே கிண்டல் செய்தார். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் 2013 தீர்ப்பை மூவர் அமர்வு மறுபடி பார்க்கட்டும் என்று அனுப்பியது. ஆக எங்கள் பெட்டியின் திரையும் மூளையும் இரண்டு எதிரிக் கட்சிகளிடமிருந்து வந்தவை, ஒரே தீர்ப்பில் இடம்பெற்றவை. தமிழ்நாட்டின் கால் நூற்றாண்டு அரசியலை ஒரு ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது.

ஜோடிப் பொருத்தம் தொழில்நுட்பத்தில் இல்லை, அதுதான் சிக்கல். மடிக்கணினியில் டிவிக்குப் போகிற மஞ்சள் வயர்க் குழி கிடையாது. அதன் சொந்தத் திரையையே கழற்றிப் பயன்படுத்தலாமே என்றால், அது 1366க்கு 768 புள்ளி. முஸ்தபா 384க்கு 224. உயரத்தை மூன்று மடங்காக்கினால் 672. மேலும் கீழும் 48 வரி கறுப்பாக மிஞ்சும், பரவாயில்லை. ஆனால் அகலம் அந்தக் கணக்கில் 896 வர வேண்டும், அதாவது இரண்டேகால் சொச்சம் மடங்கு. சில புள்ளிகள் இரண்டாகவும் சில மூன்றாகவும் நீளும். ஆள் நடந்தால் முகம் அசைந்து அசைந்து பிதுங்கும். பழைய குழாய்த் திரையில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அதில் புள்ளிகளே கிடையாது. எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கிறது. எவ்வளவு நீளத்துக்கு எத்தனை புள்ளி என்று அதற்குக் கவலையில்லை. வரிக்கும் வரிக்கும் நடுவே விழுகிற கறுப்பு இடைவெளியை மனசில் வைத்துத்தான் அந்தக் கால ஓவியர்கள் உருவங்களைத் தீட்டினார்கள். எல்.ஈ.டி. திரையில் அந்த இடைவெளி போய்விட்டால், கோடம்பாக்கத்து மேக்கப்பைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொரு கணக்கு இதைவிடச் சுவாரஸ்யமானது. பாக்-மேன் நெட்டுக்குத்தாக நிறுத்திய திரைக்காகச் செய்யப்பட்டது. 224 அகலம், 288 உயரம். ஜப்பானிய, அமெரிக்க முறையில் டிவியில் ஒரு வீச்சுக்குத் தெரிகிற வரி சுமார் 240தான், 288 அடங்காது. ஆனால் இந்தியா எடுத்துக்கொண்டது ஐரோப்பாவின் பால் முறை. 625 வரி, நொடிக்கு 50 வீச்சு. அதில் ஒரு வீச்சுக்குத் தெரிகிற வரிகள் சரியாக 288. அதாவது கூலிக்காரர் வீட்டுக்கு வந்த அந்த இலவசப் பெட்டியில், திரையைத் திருப்பாமலே, பாக்-மேனின் ஒவ்வொரு வரியும் ஒரு வரியில் வந்து உட்காரும். யாரும் திட்டமிடாத பொருத்தம். விலை வேகத்தில் கொடுக்க வேண்டும். ஆட்டம் நொடிக்கு 60 படத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடுவது, டிவி காட்டுவது 50. ஆறில் ஒரு படத்தைக் கைவிட்டால் வேகம் சரியாகும், நகர்ச்சியில் லேசாக ஒரு திக்கல் இருக்கும். பிள்ளைகள் அதைக் கவனிக்கவில்லை. நாற்பது வயது தாண்டியவர்கள்தான் கவனித்தோம்.

திரையின் குறையை ஈடுகட்டுவது என்றதும் வேறொன்று ஞாபகம் வருகிறது. 1978இன் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கறுப்பு வெள்ளை ஆட்டம். திரைமேல் பட்டை பட்டையாக வண்ணக் காகிதம் ஒட்டி, கீழே இறங்கி வருகிறவர்கள் நிறம் மாறுகிற மாதிரி காட்டினார்கள். நம் வீடுகளில் கறுப்பு வெள்ளை டிவிக்கு முன்னால் மேலே நீலம், கீழே பச்சை என்று பிளாஸ்டிக் தகடு மாட்டியது நினைவிருக்கிறதா? செய்தி வாசிப்பவரின் நெற்றி நீலமாகவும் கழுத்து பச்சையாகவும் இருக்கும். டைட்டோ கம்பெனி செய்தால் வடிவமைப்பு, நாம் செய்தால் பட்டிக்காட்டுத்தனம். அதே ஆட்டத்தில், எதிரிகள் சாகச்சாக மிச்சமிருப்பவர்கள் வேகமாக ஓடுவது, வரைய வேண்டிய உருவம் குறையக் குறைய அந்தச் சில்லுக்கு வேலை குறைந்ததால் தானாக நிகழ்ந்தது. செய்தவர் நிஷிகாதோ அதை அப்படியே விட்டுவிட்டார். வறுமை உருவாக்கிய அழகியல் என்று சொல்லலாம். ஆனால் வறுமையை அழகியலாக்குவதில் நமக்கு ஏற்கெனவே நிறைய ஆள் இருக்கிறார்கள்.

*

'நாமே செய்தது' என்கிற சொல்லை எங்கள் மலையில் அலட்சியமாகச் சொல்ல முடியாது. ஜவ்வாது மலைமேல் காவலூரில் வைணு பாப்பு தொடங்கிய வானோக்கு நிலையம் இருக்கிறது. 1968இல் அங்கே நிறுவப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கி கொடைக்கானல் பணிமனையில் செய்தது. 1972இல் வந்த ஒரு மீட்டர் கருவி ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் செய்தது. அதன் பிறகு பாப்பு பெரியதை இங்கேயே செய்வது என்று பிடிவாதம் பிடித்தார். 1982இல் அவர் இறந்துபோனார். 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். கண்ணாடி வட்டு ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கியது பெங்களூரில். உடல் மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகரில் உருவானது, கட்டுப்பாட்டு அமைப்பு பாபா அணு ஆராய்ச்சி மையத்தில். சுதேசி என்பது எப்போதுமே இப்படி ஒரு கலவைதான். எங்கே எந்தத் துண்டை வெளியிலிருந்து வாங்குவது, எந்தத் துண்டில் நம் கைபட வேண்டும் என்கிற தேர்வில்தான் அதன் அரசியல் இருக்கிறது. 1988இல் இதே காவலூரிலிருந்து கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். குறுங்கோள்களை உடைக்கிற அட்டாரியின் 1979 ஆட்டம் எங்கள் பட்டியலில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் திரை வரிவரியாக ஓடாது. கற்றையே கோடு இழுத்து வரையும். இலவச டிவி, எல்.ஈ.டி. இரண்டுமே அதற்கு லாயக்கில்லை.

வானத்தைப் பார்க்க மலைமேல் இருட்டு வேண்டும். மலைமேல் குடியிருக்கிற மலையாளிப் பழங்குடி மக்களுக்கு விளக்கு வேண்டும். கல்லூரிப் பேராசிரியர்கள் காவலூருக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய் வெளியண்டத்தைக் காட்டிவிட்டுத் திரும்புகிற வழியில் இருக்கிற ஊர்களைப் பஸ் ஜன்னலில் பார்ப்பதோடு சரி. இதை நிலையத்தின் குற்றமாகச் சொல்லவில்லை. எந்த மலை யாருக்கு எதைக் காட்டுகிற கருவியாகிறது என்பதைச் சொல்கிறேன்.

மரத்துக்கு வருகிறேன். திருப்பத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சந்தனக்கிடங்கு. வனத்துறையின் ஏலம் நடக்கிற ஊர். ஜவ்வாது மலைச் சந்தனம் எப்படிப் போயிற்று, யார் வெட்டினார்கள், யார் விற்றார்கள், யார் ஜெயிலுக்குப் போனார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய வரலாறு. நாங்கள் எடுத்தது 18 மி.மீ. ஒட்டுப்பலகை. ஆனால் பெட்டியில் எந்த ஆட்டங்களை ஏற்றுவது என்று பட்டியல் போடும்போது மரம் மறுபடி குறுக்கே வந்தது. காட்டுக்குள் ஆளைச் சுடுகிற ஆட்டங்கள் ஏராளமாக இருக்கின்றன, எல்லாம் பேர்போனவை. 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 பேரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலித் தொழிலாளர்கள், ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. மலையில் ஒருத்தர் எங்களிடம் கேட்டது இவ்வளவுதான்: 'காட்டுல சுடற ஆட்டம் மட்டும் வேணாம் சார். மத்தது எது வேணா வையுங்க.' வன்முறை விளையாட்டுகள் குழந்தைகளை என்ன செய்யும் என்று உளவியலாளர்கள் பேசுகிற பேச்சு வேறு, இது வேறு. முஸ்தபாவை மட்டும் அவரிடமே காட்டிக் கேட்டோம். டைனோசாரைப் பார்த்துச் சிரித்தார். இருக்கட்டும் என்றார்.

*

மடிக்கணினியைக் கைவிட்டோம். அதில் ஓடாதது என்று எதுவும் இல்லை. பாக்-மேனின் சில்லு நொடிக்குச் சுமார் முப்பது லட்சம் துடிப்பு, இதுவோ அதைப்போலப் பலநூறு மடங்கு. 1997இல் நிக்கோலா சால்மோரியா வெளியிட்ட 'மேம்' என்கிற மென்பொருள் பழைய போர்டுகளைக் கணினிக்குள் பாவனை செய்து உயிர்ப்பித்தது. அதை ஓட்ட இந்த மடிக்கணினி தாராளம். சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்து வந்த மடிக்கணினிகள் அவை. எல்காட்டில் உமாசங்கர் இருந்தபோது லினக்ஸ் பக்கம் திரும்பியதன் மிச்சம் என்று அந்த பாஸ் லினக்ஸை நான் வாசிக்கிறேன். கைவிட்டதற்குக் காரணம் வேறு. அதை இன்னும் ஒரு மாணவி பரீட்சைக்குப் படிக்கப் பயன்படுத்த முடியும். மரப்பெட்டிக்குள் ஆணியடித்து வைக்க மனசு வரவில்லை. 2025 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி மடிக்கணினி என்று அறிவித்தார்கள். பழையது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆக, ராஸ்பெர்ரி பை. 2012இல் வந்தபோதே அதற்கு மஞ்சள் வயர்க் குழி இருந்தது. பிள்ளைகள் பழைய டிவியில் மாட்டிக்கொள்ளட்டும் என்பதுதான் யோசனை. 1980களில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குச் செய்த பிபிசி மைக்ரோவின் பேரன் அது. அதே பிபிசி மைக்ரோவை 1984இல் 'கிளாஸ்' திட்டம் என்று இந்தியப் பள்ளிகளுக்கும் கொண்டுவந்தார்கள், இருநூற்றைம்பது பள்ளி அளவில். அதில் புதூர்நாடு வந்திருக்க வாய்ப்பே கிடையாது. மின்சாரக் கணக்கும் பார்த்தோம். போர்டு 5 வாட், டிவி 50, 60 வாட். எல்.ஈ.டி. என்றால் 20 வாட்டில் முடியும், இன்வெர்ட்டரில் மூன்று மடங்கு நேரம் ஓடும். இது ஒன்றுதான் எல்.ஈ.டி. பக்கம் எங்களைக் கடைசிவரை இழுத்த வாதம். டிவியை எடுத்ததற்கு, பாக்-மேனின் 288 வரியும் கைப்பிடியை அசைத்த மாத்திரத்தில் திரை பதில் சொல்வதும் காரணம். டிவி மெக்கானிக் இல்லாத ஊர் இன்னும் எங்கள் பக்கம் இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

நகல் போர்டுகள் பற்றி ஒரு வார்த்தை. கேப்காம் 1990களில் தன் போர்டுகளுக்குள் ஒரு பேட்டரி வைத்தது. அது தீர்ந்தால் சாவி அழிந்து ஆட்டமே செத்துவிடும். 'தற்கொலை பேட்டரி' என்று பெயர். அசல் போர்டு வாங்கியவனிடம் இருந்தது இப்படிச் சாகப் பிறந்த பொருள். 2001இலிருந்து ஆர்வலர்கள் அந்தப் பூட்டை உடைத்துக் காப்பாற்றியதால்தான் பல ஆட்டங்கள் இன்று இருக்கின்றன. திருட்டு எது, ஆவணக்காப்பகம் எது என்று தீர்மானிக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

டிவியைத் திறக்கிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அணைத்த பிறகும் குழாயில் இருபதாயிரம் வோல்ட் அளவில் மின்னூட்டம் தங்கியிருக்கும், தெரிந்தவர் கையால் இறக்கித்தான் தொட வேண்டும். குழாயின் புனல் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு. எக்ஸ் கதிர் வெளியே வராமலிருக்க வைத்தது. உடைத்துப் போட்டால் மண்ணுக்குப் போகும். மின்னணுக் கழிவு விதிகள் 2012இலிருந்து அமலில் இருக்கின்றன. ஒன்றரைக் கோடிப் பெட்டியும் அந்த விதிகளின்படியா போகின்றன? காயலான் கடையில் செப்புச் சுருளைப் பிடுங்கிக்கொண்டு குழாயை ஏரிக்கரையில் வீசுவதை எல்லாரும் பார்க்கிறோம். தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்றது. பாலாற்றங்கரைக்காரர்களுக்கு அந்தத் தீர்ப்பும் தெரியும், இன்றைய பாலாறும் தெரியும். இலவச டிவி விஷயத்தில் மாசுபடுத்தியவன் என்று யாரை நிறுத்துவது? கொடுத்த அரசையா, செய்த கம்பெனியையா, வாங்கிப் பார்த்த கூலிக்காரரையா? எங்களிடம் இருப்பது ஒரு குழாய். அது செத்தால் எங்கே ஒப்படைப்பது என்று பெட்டியின் பின்கதவில் எழுதி ஒட்ட ஒரு இடம் விட்டிருக்கிறோம், விலாசம் இன்னும் எழுதவில்லை.

இப்போதைக்கு மிச்சமிருக்கிற வேலை ஒன்று. டிவியின் சட்டம் படத்தின் ஓரங்களைத் தின்கிறது. பாக்-மேன் திரையில் மேலே மூன்று வரிசை மதிப்பெண், கீழே இரண்டு வரிசை மிச்ச உயிரும் பழமும், நடுவே 31 வரிசை வழித்தடம். வழித்தடம் முழுசாகத் தெரிகிறது. மதிப்பெண் பாதி தெரிகிறது, உயிர் சுத்தமாகத் தெரியவில்லை. சர்வீஸ் மெனுவுக்குள் போய் உயரத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். அதற்கு அந்த டிவியோடு வந்த ரிமோட் வேண்டும். ஊரில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.